சத்தம் போடாத உத்தியோகம்

கண்டக்டர் என்றால் அம்பத்தூர்க்காரனுக்கு ஒரே அர்த்தம்தான். தோளில் தோல் பை, விரல் இடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டு, உதட்டில் விசில். படியில் ஒற்றைக் காலில் தொங்குகிறவனைப் பார்த்து, "உள்ள போ... உள்ள எடம் காலியா கெடக்கு பாரு" என்று சத்தியத்துக்கு விரோதமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல. டிக்கெட் கிழிக்காத இன்னொரு கண்டக்டர் இருக்கிறார். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, நூறு வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று, காசு கொடுத்து வந்த ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு சின்னக் குச்சியை ஆட்டுகிறாரே... அவர். தமிழில் சொல்லிப் பார்த்தாலும் குழப்பம் தீராது. இரண்டு பேருமே 'நடத்துநர்'தான்.

அவரைப் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். வயலின்காரர் வாசிக்கிறார், புரிகிறது. புல்லாங்குழல்காரர் ஊதுகிறார், அதுவும் புரிகிறது. இந்த ஆள் என்ன வேலை செய்கிறார்? மேடையில் சத்தமே வராத ஒரே வாத்தியம் அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் போஸ்டரில் பெரிய எழுத்தில் அவர் பெயர்!

எனக்கு இந்தச் சந்தேகம் சங்கீதத்தினால் வரவில்லை. சம்பளத்தினால் வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கார்களுக்குள் போகிற ஒரு பாகம் செய்கிறோம். என்ன பாகம் என்று சொன்னாலும், கார் வைத்திருப்பவருக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஏழு வருஷம் அசெம்பிளி லைனில் நின்றேன். ஸ்க்ரூ போடு, முறுக்கு, செக் பண்ணு, அடுத்தது. சாயந்திரம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறும்போது, இன்றைக்கு என்ன செய்தேன் என்று எண்ணிக்கையோடு சொல்ல முடியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். பதினான்கு பேர் எனக்குக் கீழே. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்தார்கள். மாதம் 1,800 ரூபாய் அதிகம்.

மறுநாள் கான்டீனில் சாப்பிடப் போனபோது, ஏழு வருஷம் பக்கத்தில் நின்ற சிநேகிதன் சொன்னான்: "சார் வாங்க சார். கை கழுவ வேணாம் சார். நீங்கதான் எதையும் தொடறதே இல்லியே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் வெல்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவருடைய சித்தாந்தம் ஒரே வரியில் அடங்கும். "சாயந்திரம் ஆனா, இத நான் செஞ்சேன்னு காட்ட ஒரு பொருள் இருக்கணும்டா." தினமும் நான் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "இன்னிக்கு என்ன செஞ்சே?" ஏழு வருஷம் நம்பர் சொன்னேன். இரண்டு வருஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. "சும்மாதான்ப்பா, பார்த்துக்கிட்டேன்" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தத் தலையாட்டலுக்குப் பதில் திட்டியிருக்கலாம்.

'என்னை மறுபடியும் லைனுக்கே அனுப்பிவிடுங்கள்' என்று மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரு நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராத பகலில், செல்போனில் ஜுபின் மேத்தாவைப் பார்த்தேன்.

பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1936-ல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மேலி மேத்தா, தானாகவே வயலின் கற்றுக்கொண்டு 1935-ல் பம்பாய் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவை ஆரம்பித்தவர். பையனுக்கோ நம் வீடுகளில் நடப்பதேதான் நடந்தது. டாக்டருக்குப் படி என்றார்கள். கொஞ்ச நாள் படித்தார். பிறகு பாதியில் விட்டுவிட்டு, 1954-ல் பதினெட்டு வயதில் வியன்னாவுக்குப் புறப்பட்டுவிட்டார்.

அங்கே போனதும் யாரும் குச்சியைக் கையில் கொடுத்து, 'வாப்பா, ஆட்டு' என்று சொல்லவில்லை. ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற வாத்தியாரிடம் நடத்துநர் படிப்பு. கூடவே டபுள் பாஸ் கற்றுக்கொண்டார். ஆள் உயரத்துக்கு நிற்கும் ராட்சச வயலின் அது. ஆர்க்கெஸ்ட்ராவின் ஓரத்தில் நின்றுகொண்டு வாசிப்பது. நம் லைனில் கடைசி ஸ்டேஷன் மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அடுத்தது. பெரிய நடத்துநர்களின் ஒத்திகையைப் பார்க்க ஆசை. வெளியாளுக்கு அனுமதி கிடையாது. ஜுபினும் அவருடைய வகுப்புத் தோழர் கிளாடியோ அபாடோவும் (பின்னாளில் அவரும் உலகப் புகழ் பெற்ற நடத்துநர்) ஒரு யோசனை செய்தார்கள். பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார்கள்! கூட்டத்தோடு கூட்டமாக நின்று அடிக்குரலில் பாடிக்கொண்டே, எதிரே கராயனும் புரூனோ வால்டரும் எப்படிக் கையை அசைக்கிறார்கள் என்று கவனித்தார்கள். மேலே இருப்பவர் வேலையைக் கீழே நின்றுகொண்டு கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

1956-ல் ஹங்கேரியில் எழுச்சி அடக்கப்பட்டு ஜனங்கள் ஆஸ்திரியாவுக்கு ஓடி வந்தபோது, இந்த இருபது வயசுப் பையன் மாணவர்களைத் திரட்டி, ஒரு வாரத்துக்குள் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா சேர்த்து, அகதி முகாமில் வாசிக்க வைத்தார். 1958-ல் லிவர்பூலில் நடந்த சர்வதேச நடத்துநர் போட்டியில் முதல் பரிசு.

அதற்கப்புறம் வந்தது நம் ஆபீஸ் பாஷையில் 'ஆக்டிங் சார்ஜ்'. மான்ட்ரியாலில் மார்க்கெவிச் என்ற பெரியவருக்கு உடம்பு சரியில்லை. ஜுபின் போய் நின்றார். லாஸ் ஏஞ்சலஸில் ஃப்ரிட்ஸ் ரைனரால் வர முடியவில்லை. ஜுபின் போய் நின்றார். 1961-ல் மான்ட்ரியால் அவரையே தலைவராக்கிக்கொண்டது. 1962-ல் லாஸ் ஏஞ்சலஸும் அப்படியே செய்தது. வயது 26! பிறத்தியார் லீவு போட்ட நாட்களில் கட்டிய மாளிகை என்று சொல்லலாம். ஆனால் கூப்பிட்ட ராத்திரியே போய் நிற்கத் தயாராக இருந்தார் பாருங்கள், அதில் இருக்கிறது சூட்சுமம்.

1978 முதல் 1991 வரை நியூயார்க். 1985 முதல் 2017 வரை இத்தாலியில் ஃபிளாரன்ஸ். 1998 முதல் 2006 வரை மியூனிக்கில் பவேரியா மாநில ஆப்பரா. இஸ்ரேல் ஃபில்ஹார்மனிக் 1981-ல் அவரை ஆயுட்கால இயக்குநர் ஆக்கியது. அங்கிருந்து 2019-ல் விடைபெற்றபோது வயது 83. இத்தனைக்கும் நடுவில் இந்தியப் பாஸ்போர்ட்டை விடவில்லை. மிளகாயையும் விடவில்லை. வெளிநாட்டு ஹோட்டல் சாப்பாட்டுக்காகச் சட்டைப் பையிலேயே மிளகாய் வைத்திருப்பார் என்பது பிரசித்தம்.

ஆப்பரா என்றால் பயந்துவிடாதீர்கள். வசனத்துக்குப் பதிலாகப் பாட்டிலேயே நடக்கிற நாடகம். நம் தெருக்கூத்தையும் ஸ்பெஷல் நாடகத்தையும் பார்த்தவனுக்கு அதிலே ஆச்சரியப்பட ஒன்றும் கிடையாது. பாலே என்றால் ஒரு வார்த்தையும் இல்லாமல் ஆட்டத்திலேயே சொல்கிற கதை. பரதநாட்டியத்தில் தாளத்தைத் தட்டிக்கொண்டு, ஆடுகிறவரின் காலையும் மிருதங்கக்காரரின் கையையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே நட்டுவனார்... கிட்டத்தட்ட அந்த உத்தியோகம்தான் இது. என்ன, நட்டுவனார் கையில் தாளம் இருக்கிறது, சத்தம் வரும். இவருக்கு அதுவும் கிடையாது.

முன்காலத்தில் சத்தமும் இருந்தது. பிரான்ஸில் பதினான்காம் லூயி ராஜாவிடம் ழான் பாப்டிஸ்ட் லுல்லி என்று ஒருவர். பாலேக்கும் ஆப்பராவுக்கும் பெரிய ஆள். நீளமான தடியைத் தரையில் தட்டித் தாளம் போடுவார். 1687-ல் ஒரு நாள் உற்சாகம் மிகுந்து தன் கால் விரலிலேயே போட்டுக்கொண்டார். புண் அழுகி இறந்தும் போனார். உலகத்திலேயே தாளம் தட்டி உயிரை விட்ட மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். நல்ல வேளை, பிற்பாடு தடி சிறுத்துக் குச்சியாகிவிட்டது.

ஆப்பரா அரங்கில் வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேடை தெரியாது. மேடையில் பாடுகிறவருக்கு வாத்தியம் சரியாகக் கேட்காது. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்குச் சத்தம் பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். காதை நம்பிப் பாடினால் பாட்டு பின்தங்கிவிடும். ஆகவே எல்லோரும் காதை விட்டுவிட்டுக் கண்ணால் ஒரு ஆளைப் பார்க்கிறார்கள். பள்ளமும் மேடையும் சேர்ந்து தெரிகிற இடத்தில் நிற்கிறவர் அவர்தான். வலது கை தாளம். இடது கை 'நீ இப்போ வா', 'நீ கொஞ்சம் அடங்கு'.

அதிலும் ஒரு நுணுக்கம். நடத்துநரின் கை இசையோடு சேர்ந்து போவதில்லை. முன்னாலேயே போகிறது. குழல்காரர் ஊத வேண்டுமென்றால் அவர் மூச்சு இழுக்க வேண்டிய நேரத்திலேயே சைகை வந்துவிட வேண்டும். நம் காதில் விழுகிற இடத்தில் அவர் இல்லை. அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

நான் அன்று செல்போனில் பார்த்தது 1992 ஜூலையில் ரோமில் நடந்தது. புச்சினியின் 'டோஸ்கா' என்ற ஆப்பரா. கதை ரோமிலேயே மூன்று இடங்களில் ஒரு நாளுக்குள் நடக்கிறது. ஒரு மாதா கோயில், ஒரு அரண்மனை, ஒரு கோட்டை. அதே மூன்று இடங்களில், கதையில் வருகிற அதே நேரங்களில், உலகத் தொலைக்காட்சிக்காக நேரடியாக நடத்தினார்கள். முதல் அங்கம் நண்பகல், இரண்டாவது இரவு, மூன்றாவது மறுநாள் விடியற்காலை. பிளாசிடோ டொமிங்கோ பாடுகிறார், கேதரின் மால்ஃபிடானோ பாடுகிறார். ஆர்க்கெஸ்ட்ரா எங்கே? ஊரின் இன்னொரு பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில்! ஜுபின் மேத்தா அங்கே நின்று கையசைக்கிறார். பாடுகிறவர்கள் ஒளித்து வைத்த டிவி பெட்டிகளில் அந்தக் கையைப் பார்த்துப் பாடுகிறார்கள்.

மேத்தா கோயிலுக்குப் போகவில்லை, கோட்டைக்கும் போகவில்லை. ஒரு ஸ்வரம் பாடவில்லை, ஒரு நரம்பை மீட்டவில்லை. ஆனால் அந்தக் கை ஒரு நிமிஷம் நின்றிருந்தால் மூன்று இடமும் நின்றிருக்கும். நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1922-ல் மாஸ்கோவில் 'எங்களுக்கு மேஸ்திரியே வேண்டாம்' என்று ஒரு ஆர்க்கெஸ்ட்ரா கிளம்பியது. பெர்சிம்ஃபான்ஸ் என்று பெயர். ஒருவரை ஒருவர் பார்க்கும்படி வட்டமாக உட்கார்ந்து, நன்றாகவே வாசித்தார்கள். 1932 வரை நடந்தது. நியூயார்க்கில் ஆர்ஃபியஸ் என்ற குழு 1972-ல் அதே கொள்கையோடு பிறந்தது. ஆகவே நடத்துநர் இல்லாமல் முடியவே முடியாது என்று சொன்னால் பொய். ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தால் முடியும். நேரமும் நிறைய வேண்டும், பேசிப் பேசி முடிவு செய்ய. பள்ளத்தில் பாதிப் பேரும் மேடையில் பாதிப் பேரும் இருக்கிற இடத்தில் வட்டமாக எப்படி உட்காருவது? எங்கள் லைனிலும் அதே சிக்கல்தான். ஸ்டோரில் இருப்பவனுக்குப் பேக்கிங் தெரியாது. பேக்கிங்கில் இருப்பவனுக்கு ஸ்டோர் தெரியாது. நடுவில் ஒரு சுவர்.

இந்த மேத்தா நம் ஊருக்கும் வந்திருக்கிறார். சுனாமி வந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, 2005 டிசம்பர் 26-ம் தேதி, பவேரியா மாநில ஆர்க்கெஸ்ட்ராவை அழைத்துக்கொண்டு வந்து மியூசிக் அகாடமியில் நினைவுக் கச்சேரி செய்தார். ரோமில் 1990-ல் பவரோட்டி, டொமிங்கோ, காரேராஸ் மூன்று பேரையும் ஒரே மேடையில் கட்டி மேய்த்தவர். 1994-ல் சரயேவோவில் குண்டு விழுந்து இடிந்த நூலகத்துக்குள்ளேயே இறந்தவர்களுக்கான இசையை நடத்தியவர். அவர் அன்று டி.டி.கே. ரோட்டில் நின்றார். அம்பத்தூரிலிருந்து ஒரு பஸ் மாறினால் போதும். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துப் பையன். என் கவலை அரையாண்டு லீவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து செல்போனைக் காட்டினேன். டோஸ்காவின் கதையைச் சொல்லவில்லை. ஸ்டூடியோ இங்கே, பாடுகிறவர்கள் அங்கே என்று மட்டும் சொன்னேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இவரு சிக்னல்மேன்டா."

"என்னது?"

"எங்க ஷாப்ல கிரேன்ல தூக்குவோம்ல? டன் டன்னா வெயிட்டு. மேல கேபின்ல இருக்கறவனுக்குக் கீழ முழுசா தெரியாது. கீழ நாலு மூலையில புடிச்சிக்கிட்டு நிக்கறவனுக்கு மத்த மூலை தெரியாது. நடுவுல ஒருத்தன் நிப்பான். அவன் எதையும் தொடமாட்டான். விரல மேல காட்டிச் சுத்தினா தூக்கு. கீழ காட்டிச் சுத்தினா எறக்கு. கைய நீட்டி உள்ளங்கையக் கீழ காட்டினா நிறுத்து. அங்க இருக்கற சத்தத்துல வாயால சொன்னா எவன் காதுல விழும்?"

"ரெண்டு பேர் சிக்னல் கொடுத்தா?"

"அன்னிக்கு யாராவது ஒருத்தன் வீட்டுக்குப் போகமாட்டான். நிறுத்துன்னு மட்டும் எவன் காட்டினாலும் நிறுத்தணும். மத்ததெல்லாம் ஒருத்தன் கைதான்."

நான் கொஞ்சம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அவன் ஒண்ணுமே தொடலியேப்பா. அவனுக்கு எதுக்குச் சம்பளம்?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கே போகிறேன் என்று புரிந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் மேஸ்திரிகளைச் சமாளித்தவராயிற்றே!

"எல்லாரும் சாயந்திரம் வீட்டுக்குப் போறதுக்கு" என்றார். அப்புறம் சும்மா விடாமல், "ஆனா ஒண்ணுடா. அவன் பன்னெண்டு வருஷம் சங்கிலி மாட்டினவன். வெயிட்டு எங்க சாயும்னு கைக்குத் தெரியும். அதனாலதான் அவன் விரல மத்தவன் நம்பினான். வெள்ளச் சட்டையோட வந்து விரலக் காட்டியிருந்தா நானே சங்கிலிய விட்டுட்டுப் போயிருப்பேன்."

டபுள் பாஸ் வாசித்த பையனும், அடிக்குரலில் பாடிய பையனும் ஞாபகத்துக்கு வந்தார்கள். என்னுடைய ஏழு வருஷ ஸ்க்ரூக்களும்தான். அவை எங்கேயும் போய்விடவில்லை. எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்குக் கை தளரும் என்று எனக்குத் தெரிவது அவற்றினால்தானே?

எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் மேஜை ஒரு கண்ணாடி ரூமுக்குள் இருப்பது வழக்கம். மறுநாள் மேனேஜரிடம் கேட்டு, அதை வெளியே, ஸ்டோர் கதவும் லைனின் கடைசி ஆளும் ஒரே பார்வையில் தெரிகிற இடத்தில் போட்டுக்கொண்டேன். ஃபேன் காற்று வராது, பரவாயில்லை. பதினொரு மணிக்கு எந்த டப்பா காலியாகும் என்று பத்து மணிக்கே அட்டையில் எழுதி வைக்கிறேன். இப்போதெல்லாம் டப்பா காலியாவதற்கு முன்னால் அடுத்தது வந்து நிற்கிறது. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். கான்டீன் சிநேகிதன் இன்னமும் கை கழுவுகிற ஜோக்கைத்தான் சொல்கிறான். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தச் சாம்பாருக்கு ஏதாவது ஒரு காரம் வேண்டுமே!

மேனேஜருக்கு எழுதிய கடிதம் துணி துவைக்கும்போது பையோடு நனைந்து கூழாகிவிட்டது. வேறு எழுதவில்லை.

அப்பா என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவர் வழக்கமும் இல்லை. ஆனால் நான் செருப்பைக் கழற்றும்போது கேட்கிற கேள்வி மாறியிருக்கிறது. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கிறார்:

"எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கப்பா."